இரவல் அக்கா வீட்டுச் சாமான்

அடுப்பில் வெங்காயம் வதங்கும்போது மட்டும் அக்கா இடதுகைக்காரியாகிவிடுவார். மற்ற வேலைக்கெல்லாம் வலது கைதான். ரெக்சின் வெட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது எல்லாம் வலது. அந்த மரக்கரண்டியை எடுத்தால் போதும், கை மாறிவிடும். கரண்டியின் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருக்கிறது. அதை முன்பு வைத்திருந்த கணக்கு டீச்சர் இடதுகைக்காரர். அவர் காலமெல்லாம் கிண்டிக் கிண்டிக் கரண்டியும் அப்படியே பழகிவிட்டது. வலது கையால் பிடித்தால் பாத்திரத்தின் ஓரத்தைத் தொடாமல் நழுவும், அடிப்பிடிக்கும்.

“அது பழகின மாதிரி நாமதான் பழகிக்கணும். இந்த வீட்டுக்கு அது வந்தப்பவே அதுக்கு வயசாயிடுச்சு. இனிமே அதைப் போய் மாத்திக்கோன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்பார்.

தெருவில் அவருக்கு ‘இரவல் அக்கா’ என்றுதான் பெயர். கேலியாக ஆரம்பித்தது, இப்போது கூரியர்காரரே அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருகிறார். அக்காவின் தொழில் சீட்டு தைப்பது. பள்ளிக்கூட வேன்களின் இருக்கை, ஆஸ்பத்திரி வராந்தாவில் போடும் பெஞ்சு, ஆபீஸ் நாற்காலி, கிழிந்த சோபா என்று உட்காருகிற எதுவும் அவர் கைக்கு வரும். வாசலை ஒட்டிய முன்னறைதான் பட்டறை. மூலையில் ஃபோம் அடுக்கு, சுவரில் ரெக்சின் சுருள்கள், ஜன்னலோரம் காலால் மிதிக்கிற கறுப்புத் தையல் மிஷின். மேலே ஒரு சுவர்க்கடிகாரம், கொஞ்சம் முன்னாலேயே ஓடுவது. அதைக் கொடுத்தவர் ரயில் ஓட்டியவர். ஒருநாளும் வேலைக்குத் தாமதமாகப் போகக்கூடாது என்று அவரே முள்ளைத் தள்ளிவைத்திருந்தாராம். அக்கா அதைத் திருத்தவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் எல்லா இடத்துக்கும் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்து, அங்கே காத்துக்கொண்டு நிற்பார்கள்.

சாமான்களை அவர் சாமான் பெயரால் சொல்வதே இல்லை. “டீச்சரைக் கழுவி வெச்சியா?” என்பார் மகளிடம். “சலூன்காரர் எங்க, இப்பத்தானே இங்க வெச்சேன்?” என்று கத்தரிக்கோலைத் தேடுவார். முதல் முறை வருகிறவர்கள் கொஞ்சம் மிரண்டுபோவார்கள். வேன் ஓட்டுகிற கணவர் விளக்கம் சொல்வார்: “பயப்படாதீங்க. இந்த வீட்ல நான் ஒருத்தன்தான் சொந்தச் சாமான். மத்ததெல்லாம் இரவல்.” உள்ளேயிருந்து அக்காவின் பதில் வரும்: “நீங்க மட்டும் என்னவாம்? உங்கம்மா கொடுத்ததுதானே.”

சிரிப்புக்கு அடியில் கதை ஒன்று இருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். அப்போது அவர்கள் இதே தெருவில், கொஞ்சம் தள்ளி ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் அக்கா தைத்த மெத்தைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தெருமுனையிலேயே கூட்டம் நின்றது. மின்சார ஒயரில் ஏதோ கோளாறு. வீட்டுக்குள் ஃபோமும் பஞ்சும் அடுக்கியிருந்ததால் பற்றிய தீ நிற்கவில்லை. கணவர் சவாரியில் இருந்தார், மகள் வகுப்பில் இருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அக்கா படியேறிப் போய் நின்றபோது வீட்டுச் சாவி கையில் இருந்தது. கதவுதான் இல்லை.

அன்று அவர் அழவில்லையாம். சொந்தக்காரர் ஒருவரின் அறையில் பாய் விரித்துப் படுத்தபோதும் அழவில்லை. மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா ஒருவர் பால், டீத்தூள், சர்க்கரை, ஒரு பழைய பாத்திரம் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போனவர் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, கையில் மறந்து வைத்திருந்த வடிகட்டியைக் கொடுத்தார். பிடி ஆடுகிற, கறை ஏறின, அவர் வீட்டிலேயே பல வருஷம் புழங்கிய வடிகட்டி. அதைப் பார்த்ததும்தான் அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“பால் கொடுக்கணும்னு யாருக்கும் தோணும். இவங்க வடிகட்டாம எப்படிக் குடிப்பாங்கன்னு ஒருத்தங்க யோசிச்சாங்க பாருங்க” என்று இப்போதும் சொல்வார். சொல்லும்போது குரல் சற்றே இறங்கும்.

அதற்குப் பிறகு பரணிலிருந்தும் கட்டிலடியிலிருந்தும் சாமான்கள் வரத்தொடங்கின. புதிது வாங்கித்தர வசதியுள்ள தெரு இல்லை அது. ஆனால் எந்த வீட்டிலும் செத்துப்போன மாமனாரின் சுத்தியல் ஒன்றோ, கல்யாணமாகிப் போன அக்காளின் மேஜை ஒன்றோ இருக்கத்தானே செய்கிறது. கொடுத்தவர்கள் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்கள். பழசுதான், தப்பாக நினைக்காதே, புதுசு வாங்குகிற வரைக்கும் வைத்துக்கொள் என்றார்கள். அக்காவுக்கும் முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கை நாலு காசு பார்த்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்று நினைத்திருந்தார். ஆனால் புழங்கப் புழங்க மனசு மாறியது. சுத்தியல் பிடியில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தபோது, வழுக்காமல் இருக்க யாரோ எவ்வளவு பொறுமையாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருக்கிறார் என்று தெரிந்தது. துணி நைந்தபோது அக்கா புதுத்துணியை அதே மாதிரி சுற்றினார். மேஜையில் ஏதோ ஒரு பிள்ளை காம்பஸ் முனையால் தன் பெயரைக் கீறிவைத்திருந்தது. அதன்மேல் விரிப்புப் போட அவருக்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கப் போன இடங்களில் யாரும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. “நீ புழங்கு, நல்லாத்தானே வெச்சிருக்க” என்று டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அப்படி வந்தவற்றில் பெரியது அந்தத் தையல் மிஷின். கொடுத்தவர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய அம்மா அந்த மிஷினில் ஊர்த்துணியெல்லாம் தைத்து, புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் போனபிறகு மிஷின் கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கிடந்தது. தொழில் போய் நிற்கிறவளுக்குக் கரண்டியும் தட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று அவராகவே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதில்தான் அக்கா மறுபடி தொழிலை ஆரம்பித்தார். மகளின் படிப்பு, இந்த வீடு, கணவரின் சொந்த வேன் எல்லாம் அந்த மிதியை மிதித்து வந்தவை. தினமும் காலையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, “கிளம்பலாமா?” என்று அதனிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். மோட்டார் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். “அதுக்கு என்ன குறை? நான் மிதிக்கிறேன், அது ஓடுது” என்று முடித்துவிடுவார்.

போன வருஷம் ஒரு காலை நேரம், வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். அக்கா வயசுதான் இருக்கும். கண்ணுக்கு அடியில் கருவளையம், தோளில் பெரிய பை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரத்து மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்ன தைக்கவேண்டும் என்று கேட்டார்.

“தைக்க வரல. இது எங்கம்மா மிஷின்” என்றார் வந்தவர்.

அவர் கண்ணாடிக்கடைக்காரரின் தங்கை. நர்ஸ். வெகுகாலம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அம்மா இறந்தபோது லீவு கிடைக்காமல், கிடைத்தபோது விமானம் கிடைக்காமல், எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். அழுதுவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்பிப் போனார். இப்போது ஒரேயடியாக வந்து, ஊரின் மறுகோடியில் ஒரு ஃப்ளாட் எடுத்து, இங்குள்ள ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி பார்க்கிறார். அம்மாவின் மிஷினைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அண்ணனிடம் கேட்டபோதுதான் அது கைமாறிப்போன சங்கதி தெரிந்திருக்கிறது. அண்ணனோடு பெரிய சண்டை. தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று. அங்கிருந்து நேரே இங்கே வந்துவிட்டார்.

சண்டைக்கு இன்னும் மிச்சம் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். காசு வேண்டுமானால் தருகிறேன், புது மிஷின் வேண்டுமானால் வாங்கித் தருகிறேன் என்று படபடவென்று பேசினார். மிஷினில் ஒரு வேன் இருக்கையின் உறை பாதியில் நின்றது. இதை மட்டும் முடித்துக்கொடுத்துவிடட்டுமா, நாளைக்கு வேன் ஓடவேண்டும், சாயங்காலம் மிஷினை நாங்களே கொண்டுவந்து இறக்குகிறோம் என்று அக்கா கேட்டார். அவ்வளவுதான். வந்தவர் விலாசத்தைச் சொல்லிவிட்டுத் தடுமாறிப் படி இறங்கினார்.

வீட்டில்தான் பூகம்பம். மகள் வேலையிலிருந்து வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தார்கள், அடுத்த வாரம் ஆஸ்பத்திரி பெஞ்செல்லாம் எதில் தைப்பாய் என்று பிடித்துக்கொண்டாள். கணவரும் அவள் பக்கம்தான். கண்ணாடிக்கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து, தங்கை சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம், நான் கொடுத்தது கொடுத்ததுதான் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா உறையின் கடைசித் தையலை முடித்து நூலை வெட்டினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எங்கம்மாவோடதுன்னு சொல்லிக்க என்கிட்ட ஒரு ஸ்பூன்கூட இல்ல. எல்லாம் அந்த வீட்டோட போச்சு. எங்கியோ யார் வீட்லயோ அவங்க புழங்கின ஒரு டம்ளர் இருக்குன்னு யாராவது சொன்னா, நான் செருப்புகூடப் போடாம ஓடிப்போய் அங்க நிப்பேன். இந்தம்மா வந்து நிக்கிறாங்க. இல்லைன்னு சொல்ல என் வாய் எப்படி வரும்?”

அக்கா மிஷினின் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிக் கட்டினார். இழுப்பறையில் ஊசிகளைத் தனியே மடித்து வைத்தார். எண்ணெய்க் குப்பியையும் கூட வைத்தார். கணவர் முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏற்றினார். போர்வை போர்த்தி, அசையாமல் கயிறு கட்டினார். முணுமுணுப்பு ஒருபக்கம், கட்டு ஒருபக்கம். கட்டு மட்டும் குறையில்லாமல் இருந்தது.

அதன்பின் வாடகைக்கு ஒரு மோட்டார் மிஷின் வந்தது. தொட்டால் பாய்கிற ரகம். அக்கா துணியை வைத்து முடிப்பதற்குள் அது மூலையைத் தாண்டிப் போயிருக்கும். ஆஸ்பத்திரி பெஞ்சு உறைகளில் பாதியைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். மேலே மோட்டார் ஓட, கீழே தரையில் அவருடைய கால் வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு, “நடந்தே ஊருக்குப் போயிடுவ போலிருக்கே” என்றார். அக்கா சிரித்தார். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்புவதை அந்த நாட்களில் தவிர்த்துவந்தார் என்று மகள் சொல்கிறாள்.

சில வாரம் கழித்து நர்ஸிடமிருந்து போன் வந்தது. மிஷின் இறுகிப்போய்விட்டது, சக்கரம் சுற்றவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அக்கா அன்றைக்கே போனார்.

நர்ஸ் வீட்டுக் கூடத்தில் மிஷின் ராணி மாதிரி இருந்தது. மேலே கண்ணாடிப் பலகை, அதன்மேல் அம்மாவின் படம், ஒரு பூச்சாடி. காட்சிக்கு வைத்த பொருளைப் பார்த்தாலே அக்காவுக்கு ஆகாது. “கையைக் காலைக் கட்டிப் போட்டாப்ல இருந்துச்சு” என்பார் பிற்பாடு. படத்தை இரண்டு கையாலும் எடுத்து நாற்காலியில் சாய்த்து வைத்தார். கண்ணாடியை இறக்கினார். அடியில் பார்த்தால், அடிநூல் இருக்கும் பாபின் பெட்டியைச் சுற்றி நூல் கொத்தாகச் சிக்கிக் கிடந்தது. சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினால்தான் அப்படிச் சிக்கும். வெறுமனே அலங்காரத்துக்கு வைத்த மிஷினில் நூல் எப்படிச் சிக்கும்? அக்கா நிமிர்ந்து பார்த்தார். நர்ஸ் சிறுபிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தானே பெல்ட்டை மாட்டி ஓட்டிப் பார்த்ததாக ஒத்துக்கொண்டார். ஊசி போடத் தெரிந்தவருக்குத் தைக்கத் தெரியவில்லை. அம்மா கற்றுக்கொடுக்கவே இல்லையாம். நீயாவது படித்து உட்கார்ந்து சாப்பிடு என்று மிஷின் பக்கமே விடமாட்டாராம்.

அக்கா ஊசிமுனையால் நூலை ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டார். பக்கத்தில் கிடந்த தலையணை உறையின் பிரிந்த ஓரத்தை வைத்து மிதிக்கத் தொடங்கினார். டீ போட அடுப்பில் பால் வைத்திருந்த நர்ஸ், சத்தம் கேட்டுச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாடை வந்தது. அவர் திரும்பவில்லை. அக்காதான் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்து ஓரத்தை முடித்தார்.

“நாங்க ஒரே ரூம்ல இருந்தோம்” என்றார் நர்ஸ், நின்ற இடத்திலிருந்தே. “அம்மா தைப்பாங்க, நாங்க ரெண்டு பேரும் மிஷின் பக்கத்துலயே படுத்துப்போம். அந்தச் சத்தம் நின்னா முழிச்சுப்பேன். இங்க கொண்டுவந்து வெச்ச நாள்லேர்ந்து இதைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். என்னமோ குறையுதுன்னு தெரிஞ்சது, என்னன்னு தெரியல. நீங்க எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. உங்க வீட்லதான் இது உசிரோட இருந்துச்சு.”

அக்கா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. இங்கேயே இருக்கட்டும், நான் அவ்வப்போது வந்து ஓட்டிவிட்டுப் போகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். நர்ஸ் கேட்கவில்லை. மறுநாளே கணவரின் வேன் வந்தது. நர்ஸும் வேனில் ஏறி, பின்னால் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாராம். வழியில் அண்ணன் கடை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். திரும்பி ஏறும்போது முகம் கழுவினது மாதிரி இருந்தது என்று கணவர் சொன்னார்.

இறக்கி வைத்தபிறகு, இனிமேல் இது உங்களுடையது, இரவல் என்று சொல்லக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார். அக்கா தலையாட்டிக்கொண்டார். அடுத்த வாரமே தைக்க வந்த ஒருவர் மிஷினைப் புகழ்ந்தபோது, “நர்ஸம்மா வீட்டு இரவல்” என்று பெருமையாகச் சொல்வதை மகள் கேட்டாள். தப்புதான், ஆனால் அவர் வாயில் வரும் மரியாதையான வார்த்தையே அதுதான்; என்ன செய்வது. தனக்கென்று யாரோ நினைத்துக் கொடுத்தது என்கிற சங்கதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கின பொருளுக்கு அவர் அந்தப் பெயரைத் தருவதில்லை.

இப்போதெல்லாம் நர்ஸ் ட்யூட்டி முடிந்து காலையில் நேரே இங்கே வந்துவிடுவது உண்டு. சும்மா வந்தேன் என்று சொல்ல அவருக்கு வராது. பையிலிருந்து பிரிந்த திரைச்சீலை ஒன்றோ, பட்டன் போன சட்டை ஒன்றோ எடுப்பார். ஒருமுறை நன்றாக இருந்த தலையணை உறையையே அவர் பிரித்துக்கொண்டு வந்திருந்தார். பிளேடு வைத்துப் பிரித்தது தையல்காரிக்குத் தெரியாதா? அக்கா ஒன்றும் கேட்காமல் வாங்கித் தைத்துக்கொடுத்தார். டீ கொடுப்பார். ராத்திரி வார்டில் நடந்ததை நர்ஸ் சொல்லத் தொடங்குவார். சொல்லிக்கொண்டே வரும்போது வாக்கியங்கள் நீளும், இடையில் நிற்கும்.

ஒருநாள் காலையும் அப்படித்தான். தைக்க வந்திருந்த சோபா ஒன்றின் மூலையில் நர்ஸ் சாய்ந்திருந்தார். யாருக்கோ காய்ச்சல் இறங்கின கதை பாதியில் நின்றது. டீ டம்ளர் மடியில் சரியப் பார்த்தது. மகள் மெதுவாகப் போய் அதை எடுத்து வைத்தாள். அக்கா ஒரு நீளமான பெஞ்சு உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த வேலையில் அதுதான் கடைசி. தையல் ஓரத்துக்கு வந்துவிட்டது; இன்னும் இரண்டு விரற்கடை, ஒரு விரற்கடை. அக்கா திரும்பி நர்ஸைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, நெற்றிச் சுருக்கமெல்லாம் போய், ஆழ்ந்த தூக்கம்.

அக்கா காலை நிறுத்தவில்லை. உறை முடியுமுன் காலடியில் கிடந்த கழிவுத்துண்டு ஒன்றை எட்டி எடுத்து, உறையின் ஓரத்தோடு ஒட்டவைத்து ஊசிக்கு அடியில் விட்டார். அது முடியும் முன் இன்னொன்று. மிதி அதே தாளத்தில் போய்க்கொண்டிருக்க, கையை நீட்டி அடுத்த துண்டைத் தேடினார்.